சிறுகோளைத் தேடிப் பிடித்துப் படமெடுத்தல்: முதன்மைப் பட்டைச் சிறுகோள்களுக்கு முழுமையான வழிகாட்டி

சனிக்கு வளையம் உண்டு, வியாழனுக்கு வரிவரியாய் மேகம் உண்டு. சிறுகோளுக்குக் காட்ட எதுவுமில்லை. எவ்வளவு நல்ல தொலைநோக்கியில் பார்த்தாலும் அது ஒரு புள்ளி, சுற்றியுள்ள விண்மீன்களைப் போலவே இன்னொரு புள்ளி. பட்டையிலேயே மிகப் பெரியதான சீரிஸின் விட்டம் ஏறத்தாழ 940 கி.மீ. அதுவே நம்மை நெருங்கி வரும்போதுகூட வானத்தில் 0.8 விகலை அகலம்தான். (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை, முழுநிலாவின் அகலம் ஏறத்தாழ 30 கலை.) காற்றின் சலனம் எல்லா விண்மீன்களையும் 2 முதல் 4 விகலை வரை ஊதிப் பெருக்கிவிடுகிறது. அதற்குள் சீரிஸின் வட்டம் கரைந்துபோகும்.

முகம் தெரியாத ஆளை நடையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் விண்மீன் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த ஜூசப்பே பியாஸி, ரிஷப ராசியில் ஒரு மங்கலான புள்ளியைக் குறித்துவைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் மாறியிருந்தது. சீரிஸ் கிடைத்த விதம் அதுதான். இன்றும் முறை அதேதான், கருவிகள் மட்டுமே மாறியிருக்கின்றன. எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை வினாடி படமெடுப்பது, படங்களை எப்படி அடுக்குவது என்று கீழே வரும் எல்லா முடிவுகளும் அந்த நகர்வின் வேகத்தைப் பொறுத்தவை. ஆகவே முதலில் வேகம்.

ஒரு மணிக்கு 36 விகலை

முதன்மைப் பட்டை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சூரியனிலிருந்து ஏறத்தாழ 2.1 முதல் 3.3 வானியல் அலகு தொலைவில் இருக்கிறது. (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரி தூரம்.) சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு சிறுகோள் வந்து நிற்கும் நிலையை எதிரமைவு என்கிறோம். அப்போது பூமி உள்வட்டத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 2.5 அலகு தொலைவிலுள்ள சிறுகோளுக்கு வினாடிக்கு 19 கி.மீ.தான். பூமி அதை முந்துவதால், சிறுகோள் மேற்கு நோக்கிப் பின்வாங்குவதுபோலத் தெரிகிறது. இந்தத் தோற்ற வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 விகலை, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 14 கலை, அதாவது நிலாவின் அகலத்தில் பாதி. வெஸ்டா போல அருகில் இருப்பவை கொஞ்சம் வேகமாகவும், தள்ளி இருப்பவை கொஞ்சம் மெதுவாகவும் நகரும்.

சிக்னஸ் மண்டலத்தின் அல்பீரியோ இரட்டையைச் சிறு தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு அளவு உடனே புரியும். அந்தப் பொன்நிற, நீலநிற விண்மீன்களுக்கு இடையே ஏறத்தாழ 35 விகலை. சிறுகோள் ஒரு மணி நேரத்தில் கடப்பது அந்த இடைவெளியைத்தான்.

எதிரமைவுக்குச் சில வாரம் முன்னும் பின்னும் சிறுகோள் திசை மாறித் திரும்பும். அந்தத் திருப்பத்தில் அது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நாட்களில் தேடினால் சரியான புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் அது அசையாததால் நம்பமாட்டீர்கள். முதல் முயற்சிக்கு அந்த நாட்கள் வேண்டாம்.

எதை, எப்போது

முதலில் வெஸ்டா, அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. சராசரி விட்டம் 525 கி.மீ. என்றாலும் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 40 விழுக்காட்டுக்கு மேல் திருப்பியனுப்புகிறது. கருத்த சீரிஸ் 9 விழுக்காடு அளவில்தான். அதனால் சிறியதான வெஸ்டா, பெரியதான சீரிஸைவிடப் பளிச்சென்று தெரிகிறது. 2018 ஜூன் எதிரமைவில் அதன் பொலிவெண் 5.3. இருண்ட வானத்தில் வெறுங்கண்ணுக்கே எட்டும் அளவு. (பொலிவெண் குறையக் குறையப் பொலிவு கூடும்.) வெஸ்டா ஏறத்தாழ 16 மாதத்துக்கு ஒருமுறையும், சீரிஸ் 15 மாதத்துக்கு ஒருமுறையும் எதிரமைவுக்கு வரும்.

அடுத்து சீரிஸ், நல்ல எதிரமைவில் 7-ஐ ஒட்டி இருக்கும். பல்லஸ், ஜூனோ, ஐரிஸ் ஆகிய மூன்றின் பாதைகளும் நன்றாக நீண்டவை. ஆகவே எந்த எதிரமைவு என்பதைப் பொறுத்து அவற்றின் பொலிவு வெகுவாக மாறும். ஜூனோ ஒரு முறை 7.5-இல் வரும், இன்னொரு முறை 10-ஐத் தாண்டி மங்கிக் கிடக்கும். பல்லஸின் பாதை ஏறத்தாழ 35 பாகை சாய்ந்திருப்பதால் அது ராசி மண்டலங்களை விட்டு வெகுதூரம் விலகித் திரியும். தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

கருவிக்கு ஏற்ற எல்லை தோராயமாக இப்படி: நல்ல இருட்டில் 50 மி.மீ. பைனாகுலர் 9 வரை, 100 மி.மீ. தொலைநோக்கி 11.5 வரை, 200 மி.மீ. 13.5 வரை. நகர ஒளியில் இவற்றிலிருந்து ஒன்று, ஒன்றரை கழித்துக்கொள்ளுங்கள். முதல் தேடலுக்கு, உங்கள் கருவியின் எல்லையைவிட 2 பொலிவெண்ணாவது பிரகாசமான சிறுகோளே சரி.

நாள் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. பௌர்ணமி நிலாவும் சூரியனுக்கு எதிரில்தான் நிற்கும், எதிரமைவுச் சிறுகோளும் அங்கேதான். எதிரமைவு பௌர்ணமியை ஒட்டி வந்துவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அப்போது தேதியைப் பிடித்துத் தொங்காமல் அதை ஒட்டிய அமாவாசைப் பக்கம் தள்ளிப்போடுங்கள். இரண்டு வாரம் விலகினால் சிறுகோள் சில பத்தில் ஒரு பங்கு பொலிவெண் மங்கும், அவ்வளவுதான். நிலவொளி அதைவிடப் பலமடங்கு கெடுக்கும். எதிரமைவை ஒட்டிய சில நாட்களில் மட்டும் சிறுகோள் எதிர்பார்த்ததைவிடச் சற்று கூடுதலாகப் பளிச்சிடும். சூரியன் நமக்கு நேர் பின்னால் இருப்பதால் மேற்பரப்பின் துகள்கள் தங்கள் நிழலைத் தாங்களே மறைத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். பொலிவை அளக்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

பின்னணியையும் பாருங்கள். பால்வீதி அடர்ந்த தனுசு, மிதுனப் பகுதிகளில் ஒவ்வொரு சதுரக் கலையிலும் விண்மீன் மொய்க்கும். அங்கே 11-ஆம் பொலிவெண் சிறுகோளைக் கண்ணால் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.

இடத்தைக் கணித்துக்கொள்ளுதல்

சிறுகோளின் அன்றாட இடத்தைத் தரும் நம்பகமான இரண்டு மூலங்கள், உலகெங்குமிருந்து வரும் சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரின் இடக்கணிப்புச் சேவையும், நாசா ஜே.பி.எல்.-இன் ஹொரைசன்ஸும். பெயரோ எண்ணோ கொடுத்து (வெஸ்டாவுக்கு 4, சீரிஸுக்கு 1), ஒரு மணி இடைவெளியில் பட்டியல் கேளுங்கள். வான ஆயத்தொலைவு, பொலிவெண், மணிக்கு எத்தனை விகலை, எந்தத் திசையில் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னிரண்டும் படமெடுக்கும்போது தேவைப்படும்.

ஸ்டெல்லேரியம், கார்ட்ஸ் டு சியல் போன்ற வரைபட மென்பொருள்களிலும் பார்க்கலாம், ஆனால் அவற்றின் பாதைத் தரவைப் புதுப்பித்த பிறகே. வியாழனின் ஈர்ப்பு இந்தப் பாதைகளை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சில ஆண்டுக்கு முன் நிறுவியபோது வந்த பழைய தரவை அப்படியே வைத்திருந்தால் மென்பொருள் காட்டும் இடத்தில் சிறுகோள் இருக்காது. ஸ்டெல்லேரியத்தில் சூரியக் குடும்பத் திருத்தி என்ற செருகுநிரல் வழியாகப் புதிய தரவை இறக்கிக்கொள்ளலாம்.

தேடல் தோற்றுப்போவதற்கான காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே இருக்கும்.

முதல் காரணம் ஆயத்தொலைவின் ஆண்டு. பட்டியல்கள் பொதுவாக ஜே2000 முறையில், அதாவது 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குரிய எண்களைத் தருகின்றன. பல மவுண்டுகள் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்புகள்) நடப்பு நாளுக்குரிய எண்களை எதிர்பார்க்கின்றன. பூமியின் அச்சு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை திரும்புவதால், 25 ஆண்டில் இந்த வேறுபாடு 21 கலை, அதாவது மூன்றிலொரு பாகை. அதிக உருப்பெருக்கமுள்ள ஐபீஸில் சிறுகோள் பார்வைப்புலத்துக்கு வெளியே போய்விட இது போதும்.

இரண்டாவது நேரம். பட்டியல் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் இருக்கும், உங்கள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடும். 5 மணி நேரம் தவறினால் 3 கலை தவறும். பார்வைப்புலத்துக்குள்தான் இருக்கும், ஆனால் பக்கத்திலுள்ள ஏதோ ஒரு விண்மீனைச் சிறுகோள் என்று நம்பிவிட இது தோதான தூரம். நள்ளிரவுக்குப் பின் தேதி மாறுவதும் இதே வகைக் குழப்பம்.

மூன்றாவது, பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகக் கணக்கிட்ட பட்டியலை எடுத்துக்கொள்வது. 1.4 அலகு தொலைவில் இதனால் வரும் பிழை அதிகபட்சம் 6 விகலை. கண்ணால் பார்ப்பவர் கவலைப்பட வேண்டாம். இடத்தை அளப்பவர் தன் தளத்தின் ஆயத்தொலைவைக் கொடுத்தே பட்டியல் எடுக்க வேண்டும்.

கண்ணால் பார்த்தல்

படமெடுப்பதுதான் நோக்கம் என்றாலும் ஒருமுறையாவது கண்ணால் பிடித்துப் பாருங்கள். வானத்தில் அந்த இடம் மனதில் பதியும்.

சிறுகோளின் பொலிவெண்ணைவிட ஒன்று மங்கலான விண்மீன் வரை காட்டும், ஒரு பாகை அகல வரைபடம் ஒன்றை அச்சிடுங்கள். அதைவிட மங்கலானவற்றையும் சேர்த்தால் வரைபடம் புள்ளிக்கோலமாகிவிடும். குறைத்தால், வரைபடத்தில் இல்லாத விண்மீன் சிறுகோளாகத் தோன்றும். உங்கள் கருவி படத்தை எப்படித் திருப்புகிறது என்பதற்கேற்ப வரைபடத்தையும் திருப்புங்கள். கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் தொலைநோக்கி தலைகீழாக, அதாவது 180 பாகை திருப்பிக் காட்டும். டயகனல் (பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) பொருத்திய ஒளிவிலகல் தொலைநோக்கி இடவலம் மாற்றிக் காட்டும், அது வெறும் திருப்பலால் சரியாகாது. மென்பொருளில் கண்ணாடிப் பிம்பமாக மாற்றி அச்சிட வேண்டும்.

அருகிலுள்ள ஒரு பிரகாசமான விண்மீனிலிருந்து ஃபைண்டர் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) வழியே தாவித் தாவி அந்த இடத்துக்கு வாருங்கள். 30 முதல் 50 மடங்கு உருப்பெருக்கம் போதும். சந்தேகப்படும் புள்ளியைச் சுற்றி எட்டுப் பத்து விண்மீன்களைத் தாளில் வரையுங்கள். அழகு வேண்டாம், முக்கோணங்களும் நேர்கோடுகளும் சரியாக விழுந்தால் போதும். நேரத்தை எழுதுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ மறுநாளோ அதே இடத்தைப் பார்த்து, முதல் ஓவியத்தைப் பார்க்காமல் புதிதாக வரையுங்கள். முதல் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால் கண் அதையே நகலெடுக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது ஒரு புள்ளி மட்டும் இடம்பெயர்ந்திருந்தால் அதுதான்.

பட்டியலைப் பார்த்து, சிறுகோள் ஏதாவது விண்மீனுக்கு ஓரிரு கலைக்குள் உரசிப்போகும் இரவாகத் தேர்ந்தெடுத்தால் ஓவியமே தேவையில்லை. 100 மடங்கில் வைத்துப் பார்த்தால் கால் மணி நேரத்தில் இடைவெளி மாறுவது கண்ணுக்கே தெரியும்.

படமெடுக்க என்ன தேவை

வெஸ்டாவுக்குத் தொலைநோக்கியே வேண்டாம். முக்காலியில் டி.எஸ்.எல்.ஆர்., 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2, ஐ.எஸ்.ஓ. 1600, தலா 5 வினாடி, பத்துப் பதினைந்து படம். மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தை மீண்டும் எடுங்கள். சாதாரண கேமராவில் அந்த ஒரு நாள் நகர்வு 50 பிக்சலுக்கு அருகில் வரும்.

ஒரே இரவில் நகர்வைக் காட்ட வேண்டுமானால் குவியத்தூரம் கூட வேண்டும், பூமியின் சுழற்சியை ஈடுகட்டும் இக்குவடோரியல் மவுண்டும் வேண்டும். உங்கள் கருவியின் பிக்சல் அளவு எத்தனை விகலை என்று கணக்கிட ஒரே சூத்திரம்: பிக்சலின் மைக்ரோமீட்டர் அளவை 206.265-ஆல் பெருக்கி, மி.மீ.யிலுள்ள குவியத்தூரத்தால் வகுக்கவும். 150 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியனில் குவியத்தூரம் 750 மி.மீ. 4.3 மைக்ரோமீட்டர் பிக்சலுள்ள ஏ.பி.எஸ்.-சி கேமராவைப் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு 1.18 விகலை. படத்தின் பரப்பு ஏறத்தாழ 1.7 × 1.1 பாகை. சிறுகோள் மணிக்கு 30 பிக்சல் நகரும். தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது. வானம் அகலமாகத் தெரியும், நகர்வும் தெரியும்.

கோள்களைப் படமெடுக்கப் பயன்படும் சிறிய சென்சர் கேமராவை 2000 மி.மீ. குவியத்தூரத்தில் மாட்டுபவர்கள் இங்கே சிரமப்படுவார்கள். பார்வைப்புலம் சில கலைகள்தான் இருக்கும். அதில் ஒப்பிட நான்கு விண்மீன்கூட விழாத இடங்கள் உண்டு. நிறக் கேமராவா, கருப்பு-வெள்ளையா என்பது படத்துக்கு முக்கியமில்லை. அளவீட்டில் இறங்கும்போது கருப்பு-வெள்ளையின் மேன்மை தெரியும்.

எக்ஸ்போஷர் கணக்கு

ஆழ்வானப் படப்பிடிப்பில் பழகிய கை இங்கே தவறு செய்யும். நெபுலாவுக்கு 5 நிமிடம், 10 நிமிடம் என்று ஒரே படம் எடுத்துப் பழகியிருப்போம். சிறுகோள் அதற்குள் கோடாகிவிடும். கோடானால் அழகு மட்டும் கெடுவதில்லை. அதன் ஒளி பல பிக்சல்களுக்குப் பகிர்ந்துபோய், மங்கலானது இன்னும் மங்கலாகும். படம் நீள நீள வானத்தின் பின்னணி வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும், சிறுகோளின் உச்சப் பொலிவோ ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது.

விதி எளிது. விண்மீன்களின் அகலத்தில் பாதிக்கு மேல் சிறுகோள் நகரக் கூடாது. விண்மீன் அகலம் 3.5 விகலை, வேகம் நிமிடத்துக்கு 0.6 விகலை என்றால் பாதி அகலமான 1.75 விகலையைக் கடக்க ஏறத்தாழ 3 நிமிடம். அதுவே மேல்வரம்பு. நடைமுறையில் 60 வினாடி நல்ல எண். கைடிங் (ஒரு விண்மீனைப் பார்த்து மவுண்டை ஓயாமல் திருத்தும் வசதி) இல்லாத மவுண்டுக்கும் அது தாங்கும், காற்றடித்துக் கெட்டாலும் ஒரு படம்தான் போகும். 10-ஆம் பொலிவெண்ணுக்கு மேல் பிரகாசமானவற்றுக்கு 10 முதல் 20 வினாடியே போதும். ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600, எப்போதும் ரா கோப்பு. ஜேபெக்கில் கேமராவின் இரைச்சல் நீக்கி, மங்கலான சிறுகோளை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

இரவில், வரிசையாக

1. கேமரா, கணினி இரண்டின் கடிகாரத்தையும் இணைய நேரத்தோடோ ஜி.பி.எஸ்.ஸோடோ ஒத்துவையுங்கள். டி.எஸ்.எல்.ஆர். கடிகாரங்கள் நாளுக்குச் சில வினாடி விலகும் பழக்கமுள்ளவை.

2. தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்து வெப்பம் ஆறவிடுங்கள். போலார் அலைன்மென்ட்டை, அதாவது மவுண்டின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்குவதை, கவனமாகச் செய்யுங்கள். சில கலைக்குள் வந்தால் 60 வினாடிப் படங்களுக்குப் போதும்.

3. பிரகாசமான விண்மீனில் பாஹ்டினோவ் மறைப்பான் (குவியத்தைக் கோடுகளாகக் காட்டும் வரிவரியான மூடி) வைத்துக் குவியம் பிடியுங்கள். வெப்பநிலை இறங்க இறங்கக் குவியம் நகரும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

4. சிறுகோளின் இடத்துக்குத் திருப்பி, ஒரு சோதனைப் படம் எடுத்து பிளேட் சால்விங் செய்யுங்கள். ஏஸ்டாப் போன்ற மென்பொருள் படத்திலுள்ள விண்மீன் அமைப்பைப் பட்டியலோடு பொருத்தி, படத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். மேலே சொன்ன ஜே2000 குழப்பம் இந்த இடத்தில் தீர்ந்துவிடும்.

5. சிறுகோளை நட்டநடுவில் வைக்காமல், அது நகரும் திசையில் இடம் விட்டுச் சற்றே கிழக்கில் வையுங்கள். மறுநாளும் அதே மையத்தில் எடுப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

6. தொடர் படப்பிடிப்பைத் தொடங்குங்கள். ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் மவுண்டைச் சில பிக்சல் தாறுமாறாக நகர்த்தும் டிதரிங்கை இயக்குங்கள். காரணம் கீழே வருகிறது. அசைபடத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.

7. முடிந்ததும் அதே எக்ஸ்போஷர், அதே வெப்பநிலையில் தொலைநோக்கியை மூடிவைத்து 20 டார்க் படங்களும், சீரான ஒளியில் 20 ஃபிளாட் படங்களும் எடுங்கள். ஃபிளாட் எடுக்கும்வரை கேமராவைக் கழற்றவோ திருப்பவோ கூடாது. தூசியின் நிழல் இடம் மாறிவிடும்.

படங்களில் கண்டுபிடித்தல்

டார்க், ஃபிளாட் திருத்தங்களுக்குப் பிறகு படங்களை விண்மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி ஒழுங்குபடுத்துங்கள். சிரில், ஏஸ்டாப் இரண்டுமே இலவசமாக இதைச் செய்யும். 20 நிமிட இடைவெளியுள்ள நான்கு படங்களை மாற்றி மாற்றிக் காட்டச் செய்யுங்கள். விண்மீன்கள் அசையாமல் நிற்க, சிறுகோள் மட்டும் ஒரே நேர்கோட்டில் சம அடியெடுத்து மேற்கே போகும். முப்பது படத்தை வரிசையாக்கினால் அசைபடம் தயார். எல்லாவற்றையும் விண்மீன் ஒழுங்கிலேயே ஒன்றாகக் கூட்டினால், விண்மீன்களுக்கு நடுவே ஒரு மணிமாலைபோலச் சிறுகோளின் தடம் விழும். கூட்டும்போது சராசரி முறையையோ உச்சமதிப்பு முறையையோ தேர்ந்தெடுங்கள். இடைநிலை முறையும் (நடு மதிப்பை எடுப்பது) சிக்மா வெட்டு முறையும் (விலகிய மதிப்புகளை நீக்குவது) நகரும் பொருளைச் செயற்கைக்கோள் என்று கருதி அழித்துவிடும். சிறுகோள் காணாமல் போனதாக முறையிடுபவர்களில் பாதிப்பேர் இதில்தான் தொலைத்திருப்பார்கள்.

அசைகிறது என்பதால் மட்டும் அது சிறுகோள் ஆகிவிடாது. மிகத் தந்திரமான போலி ஹாட் பிக்சல், அதாவது ஒளி விழாமலேயே பளிச்சிடும் பழுதான பிக்சல். சென்சரில் அது அசையாது. ஆனால் போலார் அலைன்மென்ட் பிழையால் வானம் இரவு முழுக்கச் சென்சர்மேல் மெதுவாக நழுவியிருக்கும். விண்மீன்களை ஒழுங்குபடுத்திய பிறகு ஹாட் பிக்சல்கள் எல்லாம் எதிர்த்திசையில் சீராக நகரும், சிறுகோளைப் போலவே நேர்கோட்டில். அடையாளம் மூன்று: பல புள்ளிகள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகும், புள்ளி விண்மீனைவிடக் கூர்மையாக, ஓரிரு பிக்சலில் அடங்கும், வேகம் கணித்ததோடு பொருந்தாது. டிதரிங் செய்திருந்தால் அவை ஒரு கோடாகச் சேராமல் சிதறிவிடும்.

பிரகாசமான விண்மீனின் உட்பிரதிபலிப்பும் நகரும், அது வட்டமாகப் பரவியிருக்கும். மாறொளி விண்மீன் மறுநாள் மங்கியிருந்தால் அங்கே ஏதோ இருந்து நகர்ந்துவிட்டது என்று தோன்றும். அதனால்தான் இரண்டு படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. மூன்றாவது படத்தில் அதே அடியளவில் இருந்தால்தான் நம்பலாம். தலைகீழ்ப் பிழையும் உண்டு. அண்டங்களைப் படமெடுப்பவர்கள் சுருள்கையில் புதிய புள்ளியைப் பார்த்துச் சூப்பர்நோவா என்று துள்ளுவார்கள். முன்னால் கடந்துபோன சிறுகோளாக இருக்கும். எந்த நேரத்தில் எந்த இடத்தில் என்னென்ன தெரிந்த சிறுகோள்கள் உள்ளன என்று காட்டும் சேவை மைனர் பிளானட் சென்டரிலேயே இருக்கிறது.

மங்கலானவற்றுக்கு: சிறுகோளின்மேல் அடுக்குதல்

தனிப்படத்தில் தெரியாததையும் பிடிக்கலாம். படங்களை விண்மீன்மீது அல்லாமல், சிறுகோளின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப நகர்த்தி அடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 0.6 விகலை, பிக்சலுக்கு 1.18 விகலை என்றால், ஒவ்வொரு நிமிடப் படத்தையும் முந்தையதிலிருந்து அரைப் பிக்சல் எதிர்த்திசையில் தள்ள வேண்டும். விண்மீன்கள் கோடாகும், சிறுகோள் புள்ளியாகத் திரளும். ஆஸ்ட்ரோமெட்ரிகாவும் டைக்கோ டிராக்கரும் வேகமும் திசையும் கொடுத்தால் இதைத் தாமாகச் செய்யும்.

60 படம் அடுக்கினால் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 60-இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 7.7 மடங்கு உயரும். பொலிவெண்ணில் அது 2.2. தனிப்படத்தில் 17 வரை எட்டும் 200 மி.மீ. தொலைநோக்கி இப்படி 19-ஐத் தொடும். வேகத்தைத் தவறாகக் கொடுத்தால் சிறுகோள் இழுபட்டுக் கரையும். 60 நிமிடத் தொடரில் மணிக்கு 3 விகலைப் பிழைகூட விண்மீன் அகலத்துக்குச் சமமாகிவிடும்.

இடத்தை அளந்து அனுப்புதல்

படத்தைக் கயா விண்கலம் அளந்த விண்மீன் பட்டியலோடு பொருத்தினால் சிறுகோளின் இடத்தை விகலையில் சில பத்தில் ஒரு பங்கு வரை அளக்கலாம். மைனர் பிளானட் சென்டர் அமெச்சூர்களின் அளவீடுகளை ஏற்கிறது. அதற்கு முதலில் உங்கள் தளத்துக்கு ஆய்வக எண் பெற வேண்டும். எண் பெற்ற சிறுகோள்கள் சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அளந்து அனுப்பி, அளவீடு நம்பகமானது என்று காட்ட வேண்டும். வெஸ்டா, சீரிஸ் இதற்கு உதவாது. அவற்றின் ஒளி சென்சரைத் தெவிட்டவைத்து மையத்தைக் கெடுக்கும், அவற்றின் பாதையும் ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும். 14 முதல் 17 வரை உள்ளவை பழகத் தோதானவை.

நேரத் துல்லியம் குறித்துப் பலர் தேவைக்கு மேல் பதறுகிறார்கள். மணிக்கு 36 விகலை என்றால் வினாடிக்கு 0.01 விகலை. ஒரு வினாடிப் பிழை உங்கள் அளவீட்டு இரைச்சலுக்குள் மறைந்துவிடும். பூமிக்கு மிக அருகே பறக்கும் சிறுகோள்களுக்குத்தான் வினாடியின் பின்னம் முக்கியம். ஆனால் எக்ஸ்போஷரின் தொடக்க நேரத்தை நடுநேரமாக எழுதிவிடுவது வேறு கதை. 3 நிமிடப் படத்தில் அது 90 வினாடிப் பிழை, கிட்டத்தட்ட ஒரு விகலை, எல்லா அளவீடுகளிலும் ஒரே பக்கமாக. எச்சப்பிழைகள் (அளந்த இடத்துக்கும் கணித்த இடத்துக்கும் உள்ள வேறுபாடுகள்) சிதறாமல் சிறுகோள் போகும் திசையிலேயே சாய்ந்திருந்தால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்.

ஒளி வளைவு

சிறுகோள்கள் பெரும்பாலும் ஒழுங்கற்ற உருண்டைகள். சுழலும்போது அகன்ற பக்கம் தெரிந்தால் பிரகாசம், முனை தெரிந்தால் மங்கல். ஆக ஒரு சுழற்சியில் பொதுவாக இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இதை அளக்க அடர்ந்த இருட்டு வேண்டியதில்லை. பொறுமையும் நிலையான வானமும் வேண்டும்.

முதல் முயற்சிக்கு வேகமாகச் சுழலும், நன்றாக ஏறி இறங்கும் சிறுகோளைத் தேர்ந்தெடுங்கள். 15 யூனோமியா 6.08 மணியில் ஒருமுறை சுற்றும். நீண்ட எலும்புத்துண்டு வடிவமுள்ள 216 கிளியோபாட்ராவுக்கு 5.39 மணி; சாதகமான கோணத்தில் அதன் பொலிவு ஒரு பொலிவெண்ணுக்கு மேல் மாறும். ஒரே நீண்ட இரவில் முழுச் சுழற்சியும் அடங்கிவிடும்.

60 முதல் 120 வினாடிப் படங்களை இரவு முழுக்க இடைவிடாமல் எடுங்கள். அதே படத்திலுள்ள நான்கைந்து விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பொலிவை அளக்க வேண்டும். அவை சூரியனை ஒத்த நிறமுள்ளவையாக இருக்கட்டும். சிறுகோள் சூரிய ஒளியைத்தான் திருப்புகிறது. சிவந்த விண்மீனோடு ஒப்பிட்டால், அடிவானத்தை நெருங்கும்போது காற்று நீலத்தை அதிகம் உறிஞ்சுவதால் வளைவு பொய்யாகச் சாயும். 0.01 பொலிவெண் துல்லியத்துக்குச் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 100-ஐ எட்ட வேண்டும். எந்த விண்மீனின் உச்சப் பிக்சலும் சென்சர் வரம்பில் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மங்கலான பின்னணி விண்மீன்மீது சிறுகோள் ஏறிப்போகும்போது வளைவில் ஒரு பொய் மேடு விழும். அந்தப் புள்ளிகளைத் தயங்காமல் நீக்குங்கள். மவுண்ட் நடுவான் கோட்டைக் கடந்து திரும்பும் இடத்தில் வளைவு படிக்கட்டுபோலத் துள்ளினால், ஃபிளாட் சரியில்லை என்று பொருள்.

பல இரவுத் தரவைச் சேர்க்கும்போது, ஒளி நம்மை வந்துசேர எடுக்கும் நேரத்தை ஒவ்வொரு இரவுக்கும் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு வானியல் அலகுக்கு 499 வினாடி. பிறகு சுழற்சிக் காலத்தைத் தேடும் மென்பொருள் தரும் விடையை உடனே நம்பாதீர்கள். பாதியையும் இரட்டிப்பையும் வைத்து வரைந்து பாருங்கள். இரண்டு ஏற்றம் இருந்தே தீர வேண்டும் என்பது வடிவத்தால் பொலிவு மாறும் சிறுகோள்களுக்குச் சரி, வெஸ்டாவுக்குச் சரியில்லை. வெஸ்டா ஏறக்குறைய உருண்டை. அதன் ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கருப்பு. ஆகவே ஒரு சுழற்சிக்கு ஒரே ஏற்றம்தான். அதன் காலம் 5.34 மணியா, இரட்டிப்பாக 10.68 மணியா என்று வானியலாளர்களே நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். 5.34 என்பதே சரி.